பத்து மணிக்கு வீடு திரும்பும் ஊர்

ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்தில் எங்களோடு இறங்கிய உள்ளூர்க்காரர்கள் பலர் நேராகப் பெட்டி எடுக்கப் போகவில்லை. வழியில் இருந்த வரியில்லாக் கடைக்குள் நுழைந்தார்கள். தள்ளுவண்டிகளில் பீர் டின்கள் அட்டை அட்டையாக ஏறின. ஒயின், விஸ்கி, கூடவே பிள்ளைகளுக்குச் சாக்லேட். "ஊருக்குள்ள சரக்குக்கு வரி ரொம்ப அதிகம் சித்தப்பா. வெளிநாடு போயிட்டு வர்றவங்க இந்தக் கடைய விடவே மாட்டாங்க" என்றாள், அழைத்துப்போக வந்திருந்த அண்ணன் மகள்.

ஐஸ்லாந்தில் பெரியவர்கள் தாராளமாகவே குடிக்கிறார்கள். அதே வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கடந்த முப்பது நாளில் ஒரு தடவையாவது போதை ஏறக் குடித்தோம் என்று 1998-ல் சொன்ன 15, 16 வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கு 42 பேர். 2016-ல் அது 5 பேராகக் குறைந்தது. தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கினார்கள். ஒரு தலைமுறைக்குள் இது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் நான். ஒவ்வொரு ஜூன் 26-ம் தேதியும் போதை ஒழிப்பு நாளுக்காகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, உறுதிமொழி வாசித்திருக்கிறேன். அந்த வரிசையில் நின்ற சில முகங்களைப் பிற்பாடு எங்கே, எந்த நிலையில் பார்த்தேன் என்பதை எழுத மனம் வரவில்லை.

விமான நிலையத்திலிருந்து ரெய்க்யவிக் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழியெல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை, அதன்மேல் சாம்பல் பச்சையில் பாசி. மரம் என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை. நவம்பர் தொடக்கம். அந்த மாதத்தில் அங்கே காலை ஒன்பது தாண்டித்தான் விடிகிறது, மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காற்று சும்மா விடுவதில்லை, கார்க் கதவைத் திறந்தால் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த ஒரு காந்த அட்டை. இரண்டு கடிகாரப் படங்கள். 12 வயதுவரை உள்ள பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது. 13 முதல் 16 வரை பத்து மணி. மே முதல் ஆகஸ்ட் வரை, பகல் நீண்டுகிடக்கும் மாதங்களில், இரண்டு மணி நேரம் கூடுதல். பள்ளி நிகழ்ச்சி, விளையாட்டு, இளையோர் மையம் ஆகியவற்றிலிருந்து வீடு திரும்புபவர்களுக்கு விலக்கு உண்டு. குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இது இருக்கிறது. வயதைப் பிறந்தநாளை வைத்துப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அதனால் ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளைகளில் ஒருத்திக்கு எட்டு, இன்னொருத்திக்குப் பத்து என்ற பேச்சே எழுவதில்லை. சின்ன விஷயம்தான். ஆனால் பிள்ளைகளின் நட்பை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்று எனக்குப் பட்டது.

"உனக்கு இது கஷ்டமா இல்லையாம்மா?" என்று எனக்குப் பேத்தி முறையாகும் அண்ணன் மகளின் பெண்ணிடம் கேட்டேன். பதினாலு வயது, அங்கேயே வளர்ந்தவள். "எல்லாருக்கும் அதே டைம்தானே தாத்தா" என்று சொல்லிவிட்டு ஹேண்ட்பால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அவளுடைய பள்ளி வாசலில் பெற்றோர்கள் சிலர் கூடினார்கள். எல்லோர் மேலும் ஒளி பட்டால் மின்னும் மஞ்சள் மேல்சட்டை. ஓர் அம்மா பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்தார். "சித்தப்பா, உள்ள இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்குங்க, காது மறைக்கிற குல்லா வேணும்" என்று எனக்கும் ஒரு மேல்சட்டையை மாட்டிவிட்டாள் அண்ணன் மகள். வார இறுதி இரவுகளில் பெற்றோர்கள் முறைபோட்டுத் தங்கள் பகுதியைச் சுற்றி வருவது அங்கே நெடுநாள் வழக்கம். அவர்கள் யாரையும் பிடிப்பதில்லை, அதட்டுவதில்லை. பிள்ளைகள் ஒதுங்கக்கூடிய இடங்கள் வழியாக நடந்து போவார்கள். தாங்கள் அங்கே இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எவனாவது குடித்துவிட்டுத் தடுமாறினால் முதலில் அவன் வீட்டுக்குப் போன் போகும். போலீஸ் கடைசி.

பள்ளியின் பின்புறம், ஜிம்மின் படிக்கட்டில் நான்கு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் சிப்ஸ் பாக்கெட், நடுவில் ஒரு போன், அதில் ஏதோ வீடியோ. எங்களைப் பார்த்ததும் ஒருவன் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் தள்ளினான். சிப்ஸைத்தான் மறைத்தான், வேறொன்றும் இல்லை. எங்களோடு வந்த எதிர்வீட்டுக்காரர் அவர்களிடம் அன்றைய கால்பந்துப் பயிற்சியைப் பற்றி விசாரித்தார். கோல் யார் போட்டது, முழங்கால் வலி எப்படி இருக்கிறது. பிறகு தன் கைக்கடிகாரத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பையன்கள் முனகிக்கொண்டே எழுந்தார்கள். அவர்களில் இரண்டு பேரின் பெயரும், அவர்கள் எந்தத் தெரு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற இருவரின் பெயரை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நடக்கும்போது அவர் தன் பதினைந்தாவது வயதைப் பற்றிப் பேசினார். அண்ணன் மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெள்ளி இரவுகளில் நகர மையத்தின் தெருக்களில் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் கூடுவார்கள். கையில் பாட்டில், சில நாள் வீட்டில் காய்ச்சியதும் வரும். சண்டை, வாந்தி, உறைபனியில் கல்பாவிய தெருவில் படுத்துக் கிடக்கும் யாரோ ஒருவன். நள்ளிரவு தாண்டியும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். "எங்களைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. அன்றைக்கு அது சுதந்திரமாக இருந்தது. இன்றைக்கு என் மகளை அந்தத் தெருவில் வைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது" என்றார். அப்போது பெற்றோர்களும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். பிள்ளைகள் வளரும்போது இப்படித்தான், நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம் என்று இருந்துவிட்டார்கள்.

மதுவோடு இந்த நாட்டின் உறவு விசித்திரமானது. 1915-ல் முழு மதுவிலக்கு வந்தது. ஸ்பெயின் நாட்டோடு மீன் வியாபாரம் நின்றுபோகக் கூடாது என்பதற்காக 1922-ல் ஒயினுக்கு மட்டும் வழிவிட்டார்கள். 1935-ல் சாராய வகைகளுக்கும் அனுமதி வந்தது. பீர் மட்டும் 1989 மார்ச் 1 வரை தடையிலேயே இருந்தது. இன்றும் சில்லறை மது விற்பனை பெரும்பாலும் அரசு நிறுவனத்தின் கையில்தான். அதன் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வாங்க 20 வயது ஆகியிருக்க வேண்டும், இளைஞராகத் தெரிந்தால் அட்டையைக் கேட்பார்கள். மது விளம்பரத்துக்கும் தடை. அரசே மது விற்கும் மாநிலத்திலிருந்து போன எனக்கு அந்தக் கடையின் வாசலில் கொஞ்சநேரம் நின்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தேன். தள்ளுமுள்ளு இல்லை, பக்கத்தில் பாரும் இல்லை. உள்ளே போனவர்கள் மளிகை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போனார்கள்.

ஆனால் இந்தச் சட்டங்களில் பல தொண்ணூறுகளிலும் இருந்தவைதான். அப்படியிருந்தும் பிள்ளைகள் குடித்தார்கள். பள்ளிகளில் பாடமும் நடந்துகொண்டுதான் இருந்தது. மது கெடுதல், சிகரெட் கெடுதல் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் மனதாரச் செய்தார்கள். பலன் கிடைக்கவில்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ்காரர்களை வகுப்பறைக்கு அனுப்பி போதையைப் பற்றிப் பாடம் எடுக்கவைக்கும் 'டேர்' திட்டம் தொடங்கியது. அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பரவியது. கோடிக்கணக்கான டாலர் செலவு, டி-சட்டை, ஸ்டிக்கர், பட்டமளிப்பு. 2001-ல் அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை அதைப் பயன்தராத திட்டங்களின் வரிசையில் வைத்தது. பிற்பாடு அவர்களே பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஏன் பலிப்பதில்லை என்பதை வகுப்பறையில் நின்றவர்கள் யோசித்தால் புரியும். குடித்தால் கல்லீரல் கெடும் என்பது பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். தேர்வில் அதற்கு மார்க்கும் வாங்குவான். அவன் மனதில் இருக்கும் கணக்கு வேறு: எல்லாரும் குடிக்கிறார்கள், நான் மட்டும் குடிக்கவில்லை என்றால் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையில் குடிப்பவர்கள் அவன் நினைப்பதைவிடக் குறைவாகவே இருப்பார்கள். ஆனால் நாம் ஊர்வலத்தில் தூக்கிப்பிடிக்கும் தட்டியில் என்ன எழுதுகிறோம்? மாணவர் சமுதாயம் போதையில் சீரழிகிறது என்று. அவன் கணக்கு சரிதான் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

பாடமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஏழு ஐரோப்பிய நாடுகளில் சோதித்துப் பார்த்த 'அன்பிளக்ட்' என்ற பன்னிரண்டு வகுப்புப் பாடத்திட்டம், போதை ஏறக் குடிப்பதைக் குறைத்திருக்கிறது. அதில் பிரசங்கம் இல்லை. ஒருவன் கோப்பையை நீட்டும்போது எப்படி மறுப்பது என்று பிள்ளைகளே நடித்துப் பார்க்கிறார்கள். உன் வகுப்பில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று நினைக்கிறாய் என்று கேட்டு, உண்மை எண்ணோடு ஒப்பிட வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு வகுப்பு முடிந்து மணியடித்த பிறகு பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்பது பாடப் புத்தகத்துக்கு வெளியே உள்ள விஷயம். ஐஸ்லாந்துக்காரர்கள் கை வைத்தது அங்கேதான்.

1992-லிருந்து அவர்கள் பள்ளிகளில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தி வருகிறார்கள். சமூகவியலாளர் இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிரும் அவருடைய சகாக்களும் அந்த விடைகளை அலசினார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மன் அவர்களோடு சேர்ந்து யோசித்தார். பிள்ளைகள் போதையில் தேடும் கிளர்ச்சியை ஆட்டத்திலும் இசையிலும் நடனத்திலும் கொடுக்க முடியும் என்பது அவருடைய கட்சி. சில பள்ளிகளில் குடி அதிகம், சிலவற்றில் குறைவு. என்ன வித்தியாசம் என்று பார்த்தபோது நான்கு விஷயங்கள் மேலெழுந்து வந்தன. வாரத்தில் மூன்று நான்கு நாள் பயிற்சியாளரின் கீழ் விளையாட்டோ கலையோ பயிலும் பிள்ளை, பெற்றோரோடு அதிக நேரம் இருக்கும் பிள்ளை, பள்ளியில் தன்மேல் அக்கறை காட்ட ஆள் உண்டு என்று உணரும் பிள்ளை, இரவு நேரம் கழித்து வெளியே சுற்றாத பிள்ளை. இவர்கள் குடிப்பது குறைவு.

கருத்துக்கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை அந்தப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். 8, 9, 10-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாளும் ஓர் உறையும் கொடுப்பார்கள். பெயர் எழுதக் கூடாது. எப்போதாவது குடித்திருக்கிறாயா, கடைசியாக எப்போது, யார் வாங்கிக் கொடுத்தது, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், நீ வெளியே இருக்கும்போது யாரோடு இருக்கிறாய் என்பது உன் பெற்றோருக்குத் தெரியுமா, இப்படிப் பக்கம் பக்கமாகக் கேள்விகள். எழுதி முடித்ததும் பிள்ளையே தாளை உறையில் போட்டு, ஒட்டி, பெட்டிக்குள் போட வேண்டும். ஆசிரியர் அதைத் திறக்க மாட்டார். ஓர் உறையை எடுத்து, அதன் ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டி, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார் அந்த அம்மா. "இந்த ஒட்டு போடும் ஓசை கேட்டால்தான் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள்" என்றார். விடைகளின் கூட்டுக்கணக்கு ஓரிரு மாதத்தில் அந்தந்தப் பகுதிக்கே திரும்பி வருகிறது. நாட்டுக்கான சராசரி, ஊருக்கான சராசரி, எங்கள் பள்ளி. நம்மிடமும் எத்தனையோ கணக்கெடுப்பு நடக்கிறது. அதன் முடிவு தலைநகரில் புத்தகமாக வெளிவரும். கேள்வி கேட்கப்பட்ட ஊருக்கு அது திரும்பி வருவதில்லை.

அந்த முடிவுகளைப் பேசும் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தது. பள்ளி நூலகம். பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் ஆறடி உயர மனிதர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பட்டைப் படங்கள். எண்களை எழுதப் போவதில்லை, அது அந்தப் பள்ளியின் வீட்டு விஷயம். குடி பற்றிய பக்கம் சீக்கிரம் கடந்துபோனது. தூக்கம் போதாத பிள்ளைகள் எத்தனை பேர் என்ற பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. உதட்டுக்குள் வைத்துக்கொள்ளும் நிகோடின் பொட்டலம் பற்றிய பக்கத்தில் கூட்டம் நின்றே விட்டது.

நடுவில் ஓர் அம்மா எழுந்து, மகனுக்குப் பதினாறு ஆகப்போகிறது, வெளியே போய்க் குடிப்பதைவிட வீட்டில் என் கண்ணெதிரே ஒரு பீர் கொடுத்துவிட்டால் பாதுகாப்பில்லையா என்று கேட்டார். நம் ஊரில் சில அப்பாக்களும் இதையே கேட்பார்கள். ஆலோசகராக வந்திருந்தவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டில் மது கிடைக்கும் பிள்ளைகளே வெளியிலும் அதிகம் குடிக்கிறார்கள் என்பதைத் தங்கள் கணிப்பிலிருந்தே காட்டினார். 2018-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது. 1,900-க்கும் மேற்பட்ட சிறுவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோர் மது கொடுத்ததால் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை, மற்றவர்களிடமிருந்தும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புத்தான் கூடியது. தள்ளிப்போடுவதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு அமெரிக்காவில் 1997-ல் வெளிவந்த ஒரு கணக்கும் இருக்கிறது. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் பிற்பாடு குடிநோயாளிகள் ஆனார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது 10 சதவீத அளவுதான்.

அந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு தாள் சுற்றி வந்தது. பிள்ளைகளுக்கு மது வாங்கித் தர மாட்டோம், பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து நடக்க விட மாட்டோம், அடுத்தவர் பிள்ளையையும் கவனித்துக்கொள்வோம் என்று வகுப்புப் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து செய்துகொள்ளும் உடன்பாடு. கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் பேனா கைமாறிக்கொண்டே போனது. பின்வரிசையில் இருந்த போலந்துக்காரத் தந்தை ஒருவர் தாளை வாங்கிவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மொழி சரியாக வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்ல, கேட்டுக்கொண்டே தலையாட்டினார். பிறகு, தன் மகன் எந்த விளையாட்டுக் கழகத்திலும் சேரவில்லை, எங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்றே தனக்குத் தெரியாது என்றார். ஐஸ்லாந்தில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் விளையாட்டில் சேர்வது குறைவு. இந்தத் திட்டத்தின் வலையில் உள்ள பெரிய ஓட்டை அது. அன்று அந்த மனிதரின் முகத்தில் அதைப் பார்த்தேன்.

கழகத்தில் சேர்ப்பது பணக்காரப் பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது என்று ரெய்க்யவிக் நகராட்சி 2007-லிருந்து ஒரு மானியம் கொடுக்கிறது. 6 முதல் 18 வயதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை. 2023-லிருந்து அது 75,000 க்ரோனா, நம் பணத்தில் ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய். கால்பந்து, நீச்சல், ஹேண்ட்பால், இசைப்பள்ளி, நடனம், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். பேத்தி ஆடும் ஹேண்ட்பால் கூடத்துக்குப் போயிருந்தேன். வெளியே மாலை ஆறு மணிக்கே நள்ளிரவு இருட்டு. உள்ளே பளீரென்ற விளக்கு, ஷூக்கள் தரையில் கிறீச்சிடும் சத்தம். பயிற்சியாளர் சம்பளம் வாங்குகிற, பயிற்சி பெற்ற மனிதர். வராத பெண்ணைப் பற்றி மற்றவர்களிடம் விசாரித்து, போன் எடுத்து அவளுடைய அம்மாவோடு பேசினார். காய்ச்சலாம். தோற்றுப்போகும் அணியில் ஆடுபவள்தான் என் பேத்தி. அவளை ஒருவரும் ஒதுக்கி உட்கார வைக்கவில்லை. 1997-ல் வாரத்துக்கு நான்கு நாளாவது விளையாட்டுப் பயிற்சிக்குப் போன 15, 16 வயதுப் பிள்ளைகள் 24 சதவீதம். 2012-ல் 42 சதவீதம். பெற்றோரோடு வார நாட்களில் அடிக்கடி நேரம் கழிப்பதாகச் சொன்னவர்கள் 23-லிருந்து 46 ஆனார்கள். 2008-ல் வங்கிகள் கவிழ்ந்து நாடே திண்டாடியபோதும் பிள்ளைகளின் குடி கூடவில்லை.

இதையெல்லாம் ஒரே திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிட முடியாது. ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இதே காலத்தில் சிறார் குடி குறைந்திருக்கிறது. பிள்ளைகள் தெருவை விட்டுப் போனுக்குள் போய்விட்டது ஒரு காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றரை, நாலு லட்சம் பேர் வாழும் பணக்கார நாடு. ஒருவரை ஒருவர் தெரியும். ஊரடங்கு மாதிரிச் சட்டம் போடுவது பிள்ளைகளின் உரிமையில் கை வைப்பது என்று கேட்பவர்களின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அங்கே பெண்பிள்ளைகளிடம் மனப்பதற்றம் கூடிவருவதாகப் பெற்றோர்கள் கவலைப்படுகிறார்கள். எனினும் வீழ்ச்சியின் அளவு, மற்ற நாடுகளைவிட அது எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதைப் பார்க்கும்போது, அந்த மாலை நேரங்களை நிரப்பியதற்குப் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

திரும்பி வந்த பிறகு நம் பிள்ளைகளின் மாலையை யோசித்தேன். தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21. 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுவதும் அரசிடம். 2023-24-ல் அந்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கடைக்கும் பள்ளிக்கும் இடையே மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் இருக்க வேண்டும் என்பது விதி. அப்பாவுக்குத் தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் டம்ளரும் ஊறுகாயும் வாங்க ஓடும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு அந்த மீட்டர் கணக்கு எதையும் தடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பொதுத்தேர்வு என்றால் தலைமையாசிரியரும் மறுக்க மாட்டார், பெற்றோரும் மறுக்க மாட்டார்கள். விளையாட்டு ஆசிரியரே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. ஐந்து மணிக்கு மேல் மைதானத்துக்குப் பூட்டு.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றுக்குப் போய், பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேச அனுமதி கேட்டேன். பெற்றோர்கள்தான் அதில் பெரும்பாலோர், நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்திருந்த அம்மாக்கள் நிறையப் பேர். ஐஸ்லாந்து, கருத்துக்கணிப்பு என்றெல்லாம் நான் தொடங்கியதும் ஒருவர் கையை உயர்த்தினார். "சார், ராத்திரியில சுவரேறிக் குதிச்சு உள்ள உக்காந்து குடிக்கிறானுங்க. திங்கட்கிழமை காலையில பிள்ளைங்கதான் பாட்டில் சில்லைப் பொறுக்குதுங்க. அதுக்கு முதல்ல ஒரு வழி சொல்லுங்க" என்றார். ஆடுகிற பிள்ளைகளுக்குப் பூட்டியிருக்கும் மைதானம் குடிக்கிறவர்களுக்குத் திறந்திருக்கிறது. பாட்டில் கண்ணாடியில் கால் கிழிந்து தையல் போட்ட ஒரு பையனின் அம்மாவும் அங்கே இருந்தார்.

வெகுநேரம் பேசினோம். மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை கேட்டைத் திறந்துவைப்பது, தினமும் இரண்டு பெற்றோர் முறைபோட்டு உட்கார்ந்திருப்பது, ஊரில் கபடி ஆடிய அண்ணன்கள் இரண்டு பேரை வரச்சொல்வது, பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும் என்று அம்மாக்கள் கேட்டதால் செவ்வாயும் வெள்ளியும் அவர்களுக்கே விடுவது என்று முடிவானது. குடும்பத்தில் யாராவது குடித்துவிட்டு வந்து அடிப்பதாகப் பிள்ளை சொன்னால் யாரிடம் கொண்டுபோவது என்பதிலும் பேச்சு வந்தது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுத ஒருவர் பெயின்ட் வாங்கித் தருகிறேன் என்றார். மைதானத்தில் விளக்கு இல்லை. இரண்டு எல்.இ.டி. விளக்குக் கம்பம் கேட்டு ஊராட்சிக்கு மனு எழுதினோம். மனுவில் முதல் கையெழுத்து, கால் கிழிந்த பையனின் அம்மா போட்டது.